ஒரே பிரேமுக்கு இரண்டு ரிப்போர்ட்

போன மாதம், என்னோடு வேலை பார்த்த கலியபெருமாளின் மகள் ஒரு சைக்கிள் பிரேமின் படத்தை இணையத்தில் போட்டாள். சக்கரம் இல்லை, சீட் இல்லை, வெறும் எலும்புக்கூடு. பழைய பந்தய சைக்கிள்களுக்காகவே உயிரை விடுகிற ஒரு கூட்டம் உலகெங்கும் இருக்கிறதாம். இரண்டே நாளில் அந்தக் கூட்டம் தங்களுக்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மூட்டுகளின் வளைவைப் பார்த்து ஒருவர் இத்தாலி என்றார். பின் சக்கரம் மாட்டும் கொக்கியைப் பார்த்து இன்னொருவர் பிரான்சு என்றார். மூன்றாமவர் இங்கிலாந்து என்று சத்தியம் செய்தார். நான்காமவர் ஜப்பான் என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆள் நிஜமாகவே தெரிந்தவராக இருக்க வேண்டும்.

நான்கு நாடுகள் உரிமை கொண்டாடும் அந்தப் பிரேமை இருபது வருடங்களுக்கு முன்பு ஐந்தாவதாக எங்கள் பணிமனையும் உரிமை கொண்டாடியது. அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிபுணன் நான்.

விஷயம் ஆய்வுப் பிரிவின் இப்போதைய பிள்ளைகளுக்கு எட்டிவிட்டது. அவர்களிடம் இரும்பின் கனம் அளக்கும் புதிய கேஜ் வந்திருக்கிறது. தப்பாக வைத்தால் அதுவே திட்டுமாம். "சார், உங்க சர்வீஸ்லயே பெஸ்ட் ரிப்போர்ட் எதுன்னு எழுதிக் குடுங்க. ரூம்ல ஒட்டி வைக்கிறோம்" என்று கேட்டார்கள். மண் அள்ளும் ராட்சதச் சக்கரத்தில் விரிசல் கண்டுபிடித்த கதையை எதிர்பார்த்திருப்பார்கள். அப்படி இரண்டு மூன்று உண்டு. ஆனால் முப்பத்தைந்து வருட வேலையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒன்றை எடு என்றால், எனக்கு அந்த மஞ்சள் சைக்கிள்தான் வருகிறது.

பணிமனையின் பெயர் வேண்டாம். நெய்வேலிச் சுரங்கத்து எந்திரங்களைப் பழுதுபார்த்துத் தரும் இடம் என்றால் போதும். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். பற்றவைப்பு கற்றுக்கொள்ள மூன்று மாதம் போட்டார்கள். நான் பற்றவைத்த தகடுகள் மாலைக்குள் தாமாகவே பிரிந்துகொண்டதால், அடுத்தவர் பற்றவைத்ததைக் குறை சொல்லும் பிரிவுக்கு மாற்றினார்கள். இரும்பில் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் சிவப்புக் கோடாக எழும்பி வரும். அதைப் பார்ப்பதுதான் வேலை. முதல் இரண்டு வருடம் இரும்பைவிட என் சட்டைகளில்தான் அதிகம் சாயம் ஏறியது. எதிர் குவார்ட்டர்ஸ் குழந்தை நான் கறிக்கடையில் வேலை செய்வதாக வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது.

எங்கள் மேலதிகாரி சுடலைமுத்து சார், திருநெல்வேலிக்காரர். ஆய்வுக்கு வந்த பொருளைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தொட்ட பிறகு எல்லோரும் கழுவுவார்கள். இவர் முன்னாலும் கழுவுவார். நாங்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். "முடிவை முதல்ல பாத்துருவேன்வே. பெறவு அதுக்கு மேல இருக்கிற வரி ஒவ்வொண்ணும் அதைத் தாங்குதான்னு பாக்கணும். மேலேர்ந்து படிச்சா நீரு சொல்லுத கதையில நானும் சேந்து போயிருவேன்." எதையாவது அழுத்திச் சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தீரா, நெனச்சீரா?" என்று கேட்பார். நினைத்ததாக இருந்தால் அடித்துவிட வேண்டும்.

'நன்று' என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. 'குறை காணப்படவில்லை' என்றுதான் எழுதுவார், எழுதச் சொல்வார். கேன்டீன் உப்புமாவுக்கும் அதே தீர்ப்புதான். என் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, "கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் கொறை இல்லவே" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மாமனார் ஒரு வாரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

கலியபெருமாள் பற்றவைப்புப் பகுதியில் கான்ட்ராக்ட் உதவியாள். பக்கத்துக் கிராமத்துக்காரர். பன்னிரண்டு வருடமாக மற்றவர்களுடைய சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்தவர். அந்த வருடம் பெர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, ஆர்டர் மட்டும்தான் பாக்கி.

அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த சைக்கிளைப் பணிமனையில் அறியாதவர் கிடையாது. பந்தயத்துக்குச் செய்த பிரேம் என்பது நெய்வேலியில் யாருக்கும் தோன்றாதபடி, அதில் மட்கார்டு, ஸ்டாண்டு, மணி எல்லாம் மாட்டி, பின்னால் இரண்டு மூட்டை தாங்கும் கேரியரும் வைத்திருந்தார். பால்காரர் ஹேண்டில். போதாததற்கு முழுக்க மஞ்சள் பெயின்ட், எந்திரங்களுக்கு அடிக்கும் அதே மஞ்சள். அந்த மஞ்சள் எங்கள் பக்கத்து வீடுகளின் கேட்டில் இருக்கும், பூந்தொட்டியில் இருக்கும், ஊஞ்சல் பலகையில் இருக்கும். எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டோரில் இருப்பு எடுத்தார்கள். ஒன்றே அரைக்கால் அங்குலக் குழாயில் சில நீளங்கள் குறைந்தன. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, 1.2 கனமுள்ள இரும்புக் குழாய். வாயிற்காவலுக்குப் புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளர் மஞ்சள் சைக்கிளைப் பார்த்தார், விட்டத்தை டேப் வைத்து அளந்தார், ஒன்றே அரைக்கால். பிரேமில் கம்பெனிப் பெயரோ முத்திரையோ எதுவும் இல்லை. இது பணிமனைக் குழாயை அறுத்துப் பணிமனைக்குள்ளேயே செய்தது என்று எழுதிவிட்டார். சைக்கிளைப் பிரித்து, வெறும் பிரேமை எங்கள் அறைக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு வரிக் கடிதம்: 'இது பணிமனைக் குழாயா, ஆய்ந்து தெரிவிக்கவும்.' ஆமாம் என்றால் கலியபெருமாள் திருடன். ஆர்டர் வராது, கேட்டுக்குள்ளும் விடமாட்டார்கள்.

சுடலைமுத்து சார் அப்போது மருமகள் வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருந்தார். அறைக்குப் பொறுப்பு நான். பொறுப்பு என்று வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் மார்பு விரியும். அன்று நன்றாகவே விரிந்தது.

எங்கள் அறை உதவியாள் பிரேமை மேசைமேல் வைத்து இறுக்கிக் கொடுத்தார். பெயின்டைச் சுரண்டி, மசகு தடவி, ஒலியலைக் கேஜை வைத்தேன். இது குழாயை அறுக்காமலேயே அதன் சுவர் எவ்வளவு கனம் என்று சொல்லும் கருவி. உள்ளே ஒலியை அனுப்பி, அந்தப் பக்கம் மோதித் திரும்பி வரும் எதிரொலியைக் கணக்குப் பண்ணும். குழாயின் இரு முனைகளில் 0.9 காட்டியது. நடுவில் 1.2. இரண்டாவது குழாயிலும் அப்படியே. நடுப்பகுதி 1.2 என்றால் ஸ்டோர்க் குழாய். முனைகள் ஏன் மெல்லியவை? மூட்டில் செருகுவதற்காக அராவியிருப்பார்கள். எவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டது.

'முனைகள் அராவப்பட்டிருக்கலாம்' என்று ஒரு வரியும், அதற்குக் கீழே 'ஆய்வுக்குட்பட்ட பிரேமின் குழாய்கள் பணிமனை இருப்பிலுள்ள குழாயுடன் ஒத்துள்ளன' என்று முடிவும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மதியத்துக்குள் அனுப்பிவிட்டேன். விசாரணை அதிகாரியே போன் செய்தார். "உங்க செக்ஷன்லேர்ந்து மொத மொதல்ல வளவளன்னு இல்லாம ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு மிஸ்டர்" என்றார். அன்று கேன்டீனில் இன்னொரு வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் பிரேமை எடுத்து அலமாரிமேல் வைக்கப் போனேன். அதுவரை நான் அதைத் தூக்கவே இல்லை. 1.2 மில்லிமீட்டர் குழாயில் செய்த பிரேமுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது எத்தனையோ வருடம் இரும்பு தூக்கிய கைக்குத் தெரியும். கை அந்தப் பலத்தைக் கொடுத்தது. பிரேம் தலைக்குமேல் பறந்து குழல்விளக்கில் போய் இடித்தது. விளக்கு உடையவில்லை. உடைந்தது வேறு.

இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன். பிறகு வெல்டிங் ராடு நிறுக்கும் தராசில் வைத்தேன். இரண்டு கிலோகூட இல்லை. என் ரிப்போர்ட் சரியென்றால் மூன்று பெரிய குழாய்களே ஒன்றேகால் கிலோ வர வேண்டும். பின் சக்கரத்தைத் தாங்கும் நான்கு கம்பிகள், மூட்டுகள், பெடல் அச்சு உருளை எல்லாம் சேர்ந்து மீதி அறுநூறு கிராமுக்குள் அடங்கவேண்டும். அடங்காது.

இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் என்று ஒன்று உண்டு. விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கும். 0.6 தகட்டை எடுத்து அதன்மேல் ஒலியலைக் கேஜை வைத்தேன். 1.2 என்று காட்டியது.

எங்கள் கேஜ் முக்கால் மில்லிமீட்டருக்குக் கீழே போனால் முதல் எதிரொலியைத் தவறவிடும். இரண்டாவது எதிரொலியைப் பிடித்துக்கொண்டு, உண்மையைப்போல் இரண்டு மடங்கை வெட்கமில்லாமல் காட்டும். கருவிப் புத்தகத்தில் இருக்கிறது, பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், நானே இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆறு அங்குலத் தகடுகளையும் ராட்சதக் குழாய்களையும் பார்த்துப் பழகியவனுக்கு, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழேயும் இரும்பு இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. ஆக, அந்தக் குழாய் முனையில் 0.9, நடுவில் 0.6. யாரும் எதையும் அராவவில்லை. மூட்டுக்குப் பலம் வேண்டிய இடத்தில் கனமாகவும், வேண்டாத இடத்தில் மெலிதாகவும் இழுத்த குழாய். அப்படியொன்று எங்கள் ஸ்டோரில் என்றைக்கும் இருந்ததில்லை. எங்களால் செய்யவும் முடியாது.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது கேட் அருகே கலியபெருமாள் நின்றிருந்தார்.

"இன்னா சார், ரிப்போர்ட்டு போயிட்ச்சாமே."

"போயிருச்சு."

"இன்னான்னு எழுதினீங்கன்னு கேக்கமாட்டேன் சார். கேக்கக் கூடாதாம்." கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். "மூணு நாளா நடந்தேதான் வந்துகினு இருக்கேன். வூட்டுல சைக்கிள் பஞ்சர்னு சொல்லி வெச்சிருக்கேன். மூணு நாளு பஞ்சர் ஒட்டறியான்னு பொண்ணு கேக்குது."

"உங்க அப்பாவுக்கு அது எங்கேருந்து கிடைச்சது?"

"அதான் சார் கேட்டு ஆபீஸுலயும் கேக்கறாங்க. அவரு கெஸ்ட் அவுஸுல தோட்ட வேலை. மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் வுட்டுட்டுப் போனான்னு சொல்லுவாரு. இன்னொரு நாளு கேட்டா பழைய இரும்புல எட்த்தேம்பாரு. குடிச்சிகினு இருந்தா சீட்டாட்டத்துல கெலிச்சேம்பாரு. நான் எத்தைச் சொல்றது? எத்தைச் சொன்னாலும் பொய்யி சொல்றேன்னுதான் எழுதிக்கறாங்க." நின்றார். "பொண்ணு ஸ்கூல்ல எங்கப்பா பெர்மனென்ட்டுன்னு சொல்லிகினு திரியுது சார். அது ஒண்ணுதான்."

"நாளைக்கு வாங்க" என்றேன். நாளைக்கு அவருக்கு விசாரணை. வராமல் எங்கே போவார்?

காலையில் சுடலைமுத்து சார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக, கையில் பையோடு வந்தார். முதல் ரிப்போர்ட்டின் நகலை நீட்டினேன். வழக்கம்போல் கீழிருந்து மேலே படித்தார். 'முனைகள் அராவப்பட்டிருக்கலாம்' என்ற வரியில் பென்சில் நின்றது.

"பாத்தீரா, நெனச்சீரா?"

"நினைச்சேன் சார்."

குழல்விளக்கு, தராசு, 0.6 தகடு எல்லாவற்றையும் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து, தாமே ஒருமுறை எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பெடல் அச்சு உருளைக்கு அடியில் தின்னர் போட்டுத் துடைத்தார். மஞ்சளுக்கு அடியிலிருந்து நான்கு இலக்க எண் ஒன்று வந்தது. பெயரில்லை, ஊரில்லை. எங்கள் ஊர்த் திருகாணி எதுவும் அந்தப் பிரேமின் மரையில் ஏறவில்லை.

"சார், பழைய ரிப்போர்ட்டை வாங்கிட்டு வேற குடுத்துரவா? ஆபீஸ்ல கேட்டா குடுத்துருவாங்க."

"வாங்கப்பிடாது. அது அங்கேயே கெடக்கட்டும். அதுக்கு மேல இன்னொண்ணு வையும். முதல் வரியில உம்ம தப்பை எழுதும்."

"எந்த ஊர்ல செஞ்சதுன்னு எழுதணுமே சார்."

"அதை யாருவே கேட்டா? நம்ம கொழாயான்னுதானே கேட்டிருக்கான். அதுக்கு மட்டும் பதிலச் சொல்லும். நமக்குத் தெரியாததை எல்லாம் எழுத ஆரம்பிச்சா பேப்பர் பத்தாது."

'எனது முந்தைய அறிக்கை தவறு' என்று ஆரம்பித்தேன். அந்த நான்கு சொற்களை எழுதக் கால் மணி நேரம் ஆனது. மீதி ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம்.

விசாரணை அதிகாரி முன்தினம் என்னைப் புகழ்ந்தவர். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு எதாவது இருக்கா மிஸ்டர்?"

"இல்லைங்க சார்."

பேனாவால் கலியபெருமாளைக் காட்டினார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு மதுரைப் பக்கம் சார்."

"அது எனக்குப் பதில் இல்லை."

"ஒண்ணும் வேணாம் சார். கருவி தப்பாக் காட்டுச்சு, நான் அதை நம்பிட்டேன்."

ஃபீலர் கேஜை எடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார். "உங்க தகடு எனக்கு வேணாம்." மேசையிலிருந்த தம்முடைய எஃகு ஸ்கேலை எடுத்து நீட்டினார். சுடலைமுத்து சார் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். அதிகாரியே திருகி அளந்தார். 0.6. நான் மசகு தடவி ஒலியலைக் கேஜை ஸ்கேல்மேல் வைத்தேன். 1.2 என்றது. இன்னொரு இடத்தில் வைக்கச் சொன்னார். அங்கேயும் 1.2. ஸ்கேலைத் திருப்பி, கைக்குட்டையால் மசகைத் துடைத்து, மறுபடியும் வைக்கச் சொன்னார். அங்கேயும் அதேதான்.

மூலையில் நின்ற கலியபெருமாளுக்கு நடந்தது ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. குழாய் நம்மது இல்லை." அதிகாரி எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார். "இந்த மஞ்சள் பெயின்ட்?"

நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி வீட்டு கேட் என்ன நிறம் என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் உட்பட.

"காஞ்சுபோன டப்பான்னு தூக்கிப் போட்டாங்க சார், அதுல கொஞ்சம் சொரண்டி..." என்று கலியபெருமாள் ஆரம்பித்தார்.

"பெயின்டு பத்திக் கடிதத்துல கேள்வி இல்லைங்க சார்" என்றார் சுடலைமுத்து சார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "கேட்டா ஆய்ந்து சொல்லுதோம். எங்கெங்க அடிச்சிருக்குன்னு ஒவ்வொரு வீடாப் போயிப் பாக்கணும். ஆளு பத்தாது."

அதிகாரி கோப்பை மூடினார். மூடுகிறபோது சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. நினைத்தேன், பார்க்கவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. 'கவனக்குறைவான ஆய்வு' என்று, சொல்லுக்குச் சொல் நியாயமான மெமோ. அந்தத் தடவை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் மனைவி மெமோவை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதைப் பிரேம் போட்டு மாட்டலாமா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எத்தனையோ ரிப்போர்ட்டில் ஒரு தவறும் யாரும் காட்டியதில்லை. ஆனால் அவை எல்லாம் இரும்பைப் பற்றிய ரிப்போர்ட். என்னைப் பற்றி நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி மேலே அனுப்பியது அந்த ஒன்றுதான். சுடலைமுத்து சார் அதையும் கீழிருந்து மேலே படித்தார். முதல் வரிக்கு வந்ததும் பென்சிலை மேசையில் வைத்தார். "குறை காணல" என்றார்.

கலியபெருமாளுக்கு ஆர்டர் அடுத்த மாதம் வந்தது. பிரேமை வாங்கிக்கொண்டு போய், மறுபடியும் மட்கார்டு, ஸ்டாண்டு, மணி எல்லாம் மாட்டினார். பெர்மனென்ட் ஆளாக முதல் நாள் வேலைக்கு வந்தவர், கேட்டில் இறங்கி, காவலர் அறையில் சொந்தப் பொருள் எழுதும் நோட்டைக் கேட்டார். சைக்கிளுக்கெல்லாம் யாரும் அதில் எழுதுவது கிடையாது. காவலர் அப்படியே சொன்னார்.

"எழுது சார். எழுதாம நான் உள்ள போவமாட்டேன்."

பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நானும் அந்த வரிசையில் இருந்தேன். வேறு வழியில்லாமல் காவலர் பேனாவைத் திறந்தார்.

"பொருள்?"

"சைக்கிளு."

"எந்தக் கம்பெனி?"

கலியபெருமாள் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தெரியாதுன்னு போடுங்க" என்றேன்.

காவலர் 'தெரியாது' என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்தார். "யாருது?"

"என்னுது" என்றார் கலியபெருமாள். எழுதி முடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.